ஆடுகிற மாலைக்கு யாரை அழைப்பது: கவர் பேண்டா, டிஜேயா, ட்ராக் போட்டுப் பாடுபவரா?

"நல்லாப் பாடுவாங்களா?" பாட்டும் ஆட்டமுமாக ஒரு மாலையை ஏற்பாடு செய்ய நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நான் பதினோரு வருஷம், பிறர் பாட்டுகளை மேடையில் வாசிக்கும் உள்ளூர் கவர் பேண்ட் ஒன்றில் கீபோர்டு வாசித்தவன். பிறகு மேடையை விட்டு இறங்கி, குழுக்களை அழைத்து நிகழ்ச்சி நடத்தும் பக்கம் வந்தேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் எனக்குத் தெரிந்தது, குரலைப் பற்றிய கேள்வி இரண்டாவதாக வரவேண்டியது என்பதுதான். வருகிறவர்கள் உட்கார்ந்து கேட்கப் போகிறார்களா, எழுந்து ஆடப் போகிறார்களா? அதை முதலில் முடிவு செய்யுங்கள். கேட்பதற்கு அருமையாக இருக்கும் குழு ஆட்டத்துக்கு ஒத்துவராமல் போவதை நிறைய முறை பார்த்திருக்கிறேன். சுமாரான பாடகரை வைத்துக்கொண்டு ஆடும் தளத்தை மூன்று மணி நேரம் காலியாகவே விடாத குழுவையும் பார்த்திருக்கிறேன்.

மேடையில் நின்று கீழே பார்த்தால் ஆட்டம் எப்படிப் பிடிக்கிறது என்பது நன்றாகத் தெரியும். முதல் பாட்டில் நாற்காலிக்கு அடியில் செருப்பு நுனிகள் தாளம் போடும். இரண்டாவது பாட்டில் சுவரோரம் நிற்கும் இரண்டு பேர் தோளை அசைப்பார்கள். மூன்றாவது பாட்டுக்குள் யாராவது ஒருவர் தளத்தின் நடுவுக்கு வந்துவிட வேண்டும். வந்தவருக்குக் கூச்சம் தட்டுவதற்குள் நாலு பேர் கூடச் சேர வேண்டும். அந்த நாலு பேர் சேரும் வரை பாட்டு முடியக் கூடாது. யாரை அழைத்தாலும் அந்த மாலை நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான். ஆகவே எல்லா ஏற்பாடுகளையும் இந்த ஒரு கண்ணோடுதான் ஒப்பிடுகிறேன்.

பொதுவாக நம் முன்னால் நாலு வழி இருக்கிறது. பித்தளைக் கருவிகள், கோரஸ் எல்லாம் சேர்ந்த எட்டுப் பத்துப் பேர் பெரிய குழு. டிரம்ஸ், பேஸ், கிட்டார், கீபோர்டு, பாடகர் என நாலைந்து பேர் கவர் பேண்ட். மைனஸ் ட்ராக்கை, அதாவது குரல் இல்லாமல் வாத்தியம் மட்டும் உள்ள பதிவை, ஓடவிட்டு அதன் மேல் பாடும் ஒருவர் அல்லது இருவர். நாலாவது, பதிவு செய்த பாட்டுகளைக் கோத்து ஓடவிடும் டிஜே. போனில் பாட்டு வரிசை போட்டு ஸ்பீக்கரில் விடுவதும் ஒரு வழிதான். இருபது பேர் கூடும் அறைக்கு அது போதும், அதற்கு மேல் வேண்டாம். தளம் காலியாவது போனுக்குத் தெரியாது.

பெரிய குழுவைச் சுருக்கமாக முடித்துவிடலாம். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஒன்றாக எழும்போது உடம்புக்குள் ஏற்படும் கிளர்ச்சியை வேறு எதுவும் தராது. ஆனால் பத்துப் பேருக்கு மேடை வேண்டும், பத்துப் பேர் சத்தத்தையும் கலந்து தர அனுபவமுள்ள சவுண்ட் இன்ஜினியர் வேண்டும், ஒத்திகைக்கு நாள் வேண்டும். ஆள் கூடக் கூடப் பாட்டுகள் எழுதிவைத்தபடிதான் போகும். நினைத்த இடத்தில் திருப்புவது கடினம். சில நூறு பேர் கூடும் பெரிய கூடமும் கை நிறையப் பணமும் இருந்தால் தாராளமாக யோசியுங்கள். உள்ளூர் அளவிலான ஒரு மாலைக்கு இது தேவைக்கு மீறிய ஏற்பாடு.

போட்டி உண்மையில் நாலைந்து பேர் குழுவுக்கும் டிஜேவுக்கும் இடையில்தான்.

டிஜேவின் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேடைக்காரர்கள் அதை நேர்மையாகச் சொல்வதில்லை. அவர் ஓய்வு கேட்பதில்லை. ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்ததை உள்ளே நுழைத்து, இரண்டின் தாளத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்திக் கொண்டுபோவார். 1960களின் இறுதியில் நியூயார்க் கிளப்புகளில் பிரான்சிஸ் கிராஸோ போன்றவர்கள் இரண்டு இசைத்தட்டுகளை வைத்துப் பழக்கிய வித்தை இது. 1972இல் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 போன்ற நேரடி மோட்டார் தட்டுச் சுழற்றிகள் வந்த பிறகு வேகத்தைக் கையால் துல்லியமாகச் சரிசெய்வது எளிதானது. இன்று அந்த வேலையில் பாதியைக் கணினியே செய்துவிடுகிறது. ஆடுபவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இதன் பலன் ஒன்றே ஒன்று: கால் நிற்பதற்குக் காரணமே கிடைக்காது. கூடவே, பாட்டு அசல் குரலிலேயே வரும். இருபது வயதுக்காரர் ஐம்பது பேர் கூடும் இடத்தில், போன மாதம் வந்த பாட்டைக் கேட்டால், அதை நாலைந்து பேர் குழு ஒத்திகை பார்த்து வைத்திருக்க வாய்ப்புக் குறைவு; டிஜேவிடம் இருக்கும். இடமும் சொற்பம், ஒரு மேசை போதும்.

கணக்கைப் பாருங்கள். கவர் பேண்ட் பொதுவாக முக்கால் மணி நேரம் வாசித்து, இருபது நிமிஷம் ஓய்ந்து, மறுபடி ஏறும். பாட்டுக்கு நாலு நிமிஷம் என்றால் ஒரு சுற்றுக்குப் பதினொன்று, மூன்று சுற்றுக்கு முப்பத்துச் சொச்சம் பாட்டுகள். அந்தக் குழு கற்றுவைத்திருப்பது எழுபது, எண்பது இருக்கலாம். விருப்பப் பாட்டு கேட்டு வருகிறவர்களில் பலருக்கு "இல்லை" என்றுதான் சொல்ல நேரும். இந்த இரண்டிலும், அதாவது இடைவேளை, பாட்டுகளின் எண்ணிக்கை இரண்டிலும், டிஜே தெளிவாக முந்துகிறார்.

பிறகு ஏன் நான் கலந்த வயதுக் கூட்டத்துக்குக் கவர் பேண்டைச் சொல்கிறேன்?

ஒரு இரவு நினைவுக்கு வருகிறது. இரண்டாவது சுற்றின் கடைசிப் பாட்டு, சரணம் முடிந்து பல்லவிக்கு வந்துவிட்டோம். இன்னும் எட்டு மாத்திரையில் முடிப்பு. அந்த நேரம் பார்த்து, மாலை முழுக்கச் சுவரோரம் உட்கார்ந்திருந்த வயதான தம்பதி எழுந்தார்கள். அவர் கையை நீட்ட, அந்த அம்மா கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு, திரும்பி அது பத்திரமாக இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுத் தளத்துக்கு வந்தார். எங்கள் கிட்டார்காரர்தான் தலைவர். அவர் எதுவும் பேசவில்லை, வலது கையைத் தந்தியிலிருந்து எடுத்து விரலை ஒரு சுற்றுச் சுற்றினார். மேடையில் அதற்கு "இன்னொரு தடவை" என்று அர்த்தம். முஷ்டியைத் தூக்கினால் இத்தோடு முடிப்பு. தலையைத் தட்டிக் காட்டினால் பாட்டின் தலைக்கே திரும்பு. பல்லவியை மறுபடி எடுத்தோம். டிரம்ஸ்காரர் சிம்பலை விட்டுவிட்டு டிரம்மின் ஓரத்தைத் தட்டுவதற்கு மாறி சத்தத்தைக் குறைத்தார், அவர்கள் நடைக்கு ஏற்றபடி இழுத்துப் பிடித்தார். மூன்று தடவை பல்லவி போனது. அதற்குள் அதே வயதில் இன்னும் ஆறேழு பேர் வந்துவிட்டார்கள். அந்த ஒன்றரை நிமிஷத்துக்குப் பிறகு அன்று யாரும் உட்காரவில்லை.

நல்ல டிஜேயும் ஒரு பகுதியைத் திரும்பச் சுழல விடுவார், மறுக்கவில்லை. ஆனால் ஆடுபவர் நடைக்கு ஏற்ப எல்லோருமாக இழுத்துப் பிடிப்பது, டிரம்ஸ்காரர் மட்டும் சத்தத்தைக் குறைத்து வாசிப்பது, பாடகர் மைக்கோடு கீழே இறங்கி ஒருவர் கண்ணைப் பார்த்துப் பாடுவது, இவையெல்லாம் ஆள் இருந்தால்தான் நடக்கும். ஆடத் தயங்குகிறவர்களுக்கு இந்த ஆள்தான் தேவை. மேடையில் ஒருவர் வியர்த்துக்கொண்டு வாசிக்கும்போது பார்ப்பவர் கூச்சம் பாதி விலகிவிடுகிறது. நன்றாக ஆடத் தெரிந்தவர்களுக்கு டிஜே போதும். ஆடலாமா வேண்டாமா என்று இருப்பவர்கள் பாதிக்கு மேல் இருக்கும் கூட்டத்துக்கு மனிதர்கள் வாசிக்க வேண்டும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

இந்தத் திறமை குழுவுக்குப் பிறவியில் வருவதில்லை, ஆடுகிறவர்கள் முன்னால் வாசித்து வாசித்துத்தான் வரும். பீட்டில்ஸ் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960 ஆகஸ்டிலிருந்து 1962 டிசம்பர் வரை பல தவணைகளாக அவர்கள் ஹாம்பர்க் நகரக் கிளப்புகளில் இரவுக்குப் பல மணி நேரம் வாசித்தார்கள். வாசித்தது பெரும்பாலும் பிறர் பாடல்கள். 1963இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில்கூடப் பதினாலில் ஆறு பாட்டு மற்றவர்களுடையது. கூட்டத்தைப் பிடித்து நிறுத்தும் வேலையை அவர்கள் கற்றுக்கொண்டது கவர் பேண்டாக இருந்த அந்த இரவுகளில்தான். பிறர் பாட்டை வாசிக்கும் குழு என்றால் ஏதோ ஒரு படி கீழே என்று நினைப்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். எல்லோருக்கும் தெரிந்த பாட்டை, முன்னால் நிற்பவர்களுக்காக அந்த நேரத்தில் மறுபடி கட்டித் தருவது தனிக் கலை.

ட்ராக் வைத்துப் பாடுபவர்களைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் செலவைப் பார்த்து இந்தப் பக்கம் வருகிறார்கள். குரல் நன்றாக இருந்தால் கேட்க இனிமையாக இருக்கும், வாத்தியச் சத்தம் அளவாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் எல்லாம் மாட்டித் தயாராகிவிடுவார்கள். சுருதியைப் பாடகருக்கு ஏற்ப அரைக் கட்டை, ஒரு கட்டை ஏற்றி இறக்குவதும் இன்று சுலபம். அதற்கு மேல் போனால் ட்ராக்கின் நாதம் சிதையத் தொடங்கும். குறை எங்கே என்றால், ட்ராக் யாருக்காகவும் காத்திருக்காது. தளத்தில் கூட்டம் சேரும் நேரத்தில் ட்ராக் முடிந்துவிடும். பாடகர் ஒரு வரியைத் தவறவிட்டால் வாத்தியம் அவரை விட்டுவிட்டுப் போய்விடும், பிடித்து ஏறிக்கொள்ள வேண்டியது அவர் பாடு. ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மடிக்கணினியைக் குனிந்து தேடும் அந்தப் பதினைந்து விநாடி இருக்கிறதே, ஆட்டத்துக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. பேச்சும் பாட்டுமாகக் கழியும் மாலைக்கு இவர்களை அழையுங்கள். ஆட்டம்தான் நோக்கம் என்றால் பணம் மிச்சமாகும், தளம் காலியாகும்.

இனி சத்தம். கூடத்தை அளக்காமல் குழுவை முடிவு செய்யாதீர்கள். டிஜேவின் சத்தத்தை ஒரு திருகில் குறைக்கலாம். டிரம்ஸைக் குறைக்க முடியாது. மைக்கே இல்லாமல் சின்ன அறையை நிறைத்துவிடும் கருவி அது. டிரம்ஸ் சத்தமாக இருப்பதால் கிட்டார் ஏறும், கிட்டார் ஏறியதால் பாடகர் தன் குரலைத் தானே கேட்க வைத்திருக்கும் ஸ்பீக்கரை, அதாவது மானிட்டரை, ஏற்றச் சொல்வார், அது மைக்குக்குள் திரும்பப் புகுந்து ஊளையிடும். தாழ்ந்த கூரையும் வெறும் சுவரும் உள்ள அறைக்கு எலெக்ட்ரானிக் டிரம்ஸ் வைத்திருக்கும் குழுவைத் தேடுங்கள், அல்லது டிஜேவுக்கே போய்விடுங்கள். திறந்த வெளியில் நிலைமை தலைகீழ். அங்கே தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபெல் விழும், தாழ்ந்த ஒலிகளைத் திருப்பித் தரச் சுவர் கிடையாது. டிரம்ஸ் உட்பட எல்லாவற்றுக்கும் மைக் வைக்க வேண்டும். காலி அறையில் சவுண்ட் செக் செய்யும்போது எல்லாம் முழங்குவதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஆட்கள் நிறைந்தால் அவர்கள் உடம்பும் துணியும் அதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும்.

காதுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதை நான் தாமதமாகத்தான் பொருட்படுத்தத் தொடங்கினேன். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நையோஷ் (NIOSH) வேலையிடங்களுக்குப் பரிந்துரைக்கும் அளவு, எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94க்கு ஒரு மணி நேரம், 100க்குப் பதினைந்து நிமிஷம். இசை நிகழ்ச்சிகளுக்கென்றே உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட தரநிலை, பதினைந்து நிமிஷச் சராசரி 100 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்கிறது. காதடைப்பான் தருவதையும், ஓய்வெடுக்க அமைதியான இடம் விடுவதையும் அதுவே வலியுறுத்துகிறது. டிஜேயோ குழுவோ, இந்த வரம்பைப் பேச்சின்போதே சொல்லிவிடுங்கள். முகம் சுளிப்பவரை அழைக்காதீர்கள். ஸ்பீக்கர்களைத் தளத்தை நோக்கித் திருப்பி, நாற்காலிகளை அதன் வழியிலிருந்து விலக்கிப் போட்டால், ஆடுபவருக்கும் பேசுபவருக்கும் ஒரே அறையில் இடம் கிடைக்கும்.

இன்னொரு இரவும் இந்த ஒப்பீட்டில் சேர வேண்டும். பாட்டின் நடுவில் மின்சாரம் போனது. கிட்டார், பேஸ், என் கீபோர்டு, மைக் எல்லாம் ஒரே நொடியில் ஊமை. டிரம்ஸ் மட்டும் நிற்கவில்லை. இருட்டில் அந்தத் தாளம் போய்க்கொண்டே இருக்க, முன்வரிசையில் யாரோ பல்லவியைப் பிடித்தார்கள், பின்னால் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். விளக்கு வர நாலு நிமிஷம் ஆனது. அது வரை கைதட்டும் குரலும் டிரம்ஸும்தான். வந்தவர்கள் பிறகு பேசியது அந்த நாலு நிமிஷத்தைப் பற்றித்தான். மறுபக்கமும் உண்டு: வேறொரு நாள் எங்கள் பாடகருக்கு முதல் சுற்று முடியும்போதே தொண்டை கட்டிவிட்டது, மாற்றுக்கு ஆள் இல்லை, மீதி மாலையைக் கருவியிசையாலேயே ஒப்பேற்றினோம். தளம் பாதி காலியானது. டிஜேவுக்குத் தொண்டை கட்டாது. ஆகவே பேண்டை அழைத்தால் பாடத் தெரிந்தவர் இரண்டு பேராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

உரிமத்தையும் மறக்க வேண்டாம். பிறர் பாட்டைப் பொதுவில் வாசிக்க, பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் சார்பில் பணம் பெறும் சங்கத்தின் அனுமதி பெரும்பாலான நாடுகளில் தேவை. ஒலிப்பதிவை ஓடவிட்டால் பல நாடுகளில் பதிவின் உரிமையாளருக்கும் தனியாகத் தர வேண்டும். பிரிட்டனில் 2018 முதல் இரண்டையும் சேர்த்து ஒரே உரிமமாகத் தருகிறார்கள். அமெரிக்காவில் பதிவைக் கூடத்தில் ஓடவிடுவதற்கு அந்த இரண்டாவது கட்டணம் இல்லை. கூடத்துக்காரரிடம் ஏற்கெனவே உரிமம் இருக்கலாம், முதலில் அவரைக் கேளுங்கள். இடைவேளையில் பதிவு செய்த பாட்டுப் போடும் கவர் பேண்டுக்கும் இது பொருந்தும்.

சரி, எந்தக் குழு? காணொளி கேட்டால் பாடகரின் முகத்தை நெருக்கத்தில் காட்டும் ஒன்றை அனுப்புவார்கள். அதை ஒதுக்கிவிட்டு, தளம் தெரியும்படி யாராவது போனில் எடுத்தது இருக்கிறதா என்று கேளுங்கள். முடிந்தால் நேரில் போய் ஒரு நிகழ்ச்சியைப் பாருங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். நல்ல குழு மூன்று நாலு பாட்டுகளை ஒரே வேகத்தில் கோத்து, நடுவில் பேச்சே இல்லாமல் கொண்டுபோகும். நிமிஷத்துக்கு 120 தட்டு என்றால் விநாடிக்கு இரண்டு அடி. மனிதர் இயல்பாக நடக்கும் வேகத்துக்கு அது மிக நெருக்கம், அதனால்தான் ஆடத் தெரியாதவர் காலும் அதில் விழுந்துவிடுகிறது. அந்த வேகத்தைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பாட்டுகளாவது இல்லாத குழு, குரல் எவ்வளவு இனிமையானாலும், உட்கார்ந்து கேட்பதற்கான குழு. தொடர்ந்து வேகமும் உதவாது. நாலு வேகப் பாட்டுக்குப் பிறகு மூச்சு வாங்க மெதுவானது ஒன்று வேண்டும். அதை முதல் அரை மணி நேரத்தில் வைத்தால், அப்போதுதான் சேர்ந்த கூட்டம் கலைந்துவிடும்.

என் தேர்வு இதுதான். அறுபதிலிருந்து இருநூறு பேர், மூன்று தலைமுறை கலந்த கூட்டம், உயரமான கூரை என்றால் இரண்டு பாடகர் உள்ள நாலைந்து பேர் கவர் பேண்ட். இடைவேளைக்கான பாட்டு வரிசையை அவர்களோடு உட்கார்ந்து நீங்களே போடுங்கள். வெறும் பின்னணி இசையாக வேண்டாம், ஆடுவதற்கான பாட்டுகளாகவே இருக்கட்டும். பணம் இடம் கொடுத்தால் முதல் இரண்டு மணி நேரம் பேண்ட், பிறகு டிஜே. அந்த வரிசையை மாற்றாதீர்கள். தயங்குகிறவர்களை எழுப்ப முதலில் மனிதர்கள் வேண்டும், எழுந்தவர்கள் பிறகு பதிவுக்கும் ஆடுவார்கள். எல்லோரும் ஒரே வயதில் இளைஞர்கள், அறை சின்னது என்றால் டிஜே, யோசிக்கவே வேண்டாம்.

தளத்தை மட்டும் பெரிதாக விடாதீர்கள். ஆடுபவர் ஒருவருக்கு அரை சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல் கணக்குப் போட்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் ஆட மாட்டார்கள் என்பதால் அதிலும் பாதியை ஒதுக்கினால் போதும். டிரம்ஸுக்கு மட்டும் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடம், மேடை முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம், மேடைக்கும் தளத்துக்கும் நடுவில் நாற்காலி வரிசை போடவே வேண்டாம். எங்கள் கிட்டார்காரர் அந்த அம்மா கைப்பையை வைத்துவிட்டு எழுவதைப் பார்க்க முடிந்தது, நடுவில் எதுவும் மறைக்காததால்தான்.